டெரன்ஸ் பவுடர்லி: ஒரு தொழிலாளர் தலைவரின் சரித்திரம்



இந்தப் பக்கத்தில் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரத்தை வாசித்துப் பழகியிருக்கிறீர்கள். இந்த வாரம் நீங்கள் வாசிக்கப்போகிறவர் அர்ச்சியசிஷ்டவர் அல்ல. ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கராக வளர்ந்து, பாதி வயதுக்குமேல் திருச்சபையை விட்டு அகன்றுபோனவர். அப்படிப்பட்டவரின் கதை பங்குப் பத்திரிகையில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க தேசத்தில் லட்சக்கணக்கான ஏழைக் கத்தோலிக்கத் தொழிலாளிகள், தொழிற்சங்கத்தில் சேர்ந்தபிறகும் கூச்சமில்லாமல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலிட முடிந்தது என்றால், அதற்காகப் பாடுபட்டவர்களில் இவர் முந்தினவர். அதனால்தான் எழுதுகிறேன். அவர் பெயர் டெரன்ஸ் வின்சென்ட் பவுடர்லி.

1849-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி, பென்சில்வேனியா நாட்டின் கார்பன்டேல் என்ற நிலக்கரி ஊரில் பிறந்தார். தாய் தகப்பன் இருவரும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் பதினோராவது. அத்தனை வயிறுகளுக்கும் கஞ்சி ஊற்ற வேண்டிய வீட்டில் படிப்பு எத்தனை நாள் நடக்கும்? பதின்மூன்றாம் வயதில் பள்ளிக்கூடம் முடிந்தது. ரெயில் பாதையில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலைக்குப் போனார். பதினேழாம் வயதில் ரெயில் கம்பெனிப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்து, இயந்திரத் தொழிலாளியானார். இருபது வயதில் பக்கத்திலுள்ள ஸ்கிராண்டன் பட்டணத்துக்கு வேலை தேடி வந்தார்.

அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்பதைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்தது. அதன்பின் அமெரிக்காவில் ரெயில் பாதைகளும் இரும்பு உலைகளும் சுரங்கங்களும் மழைக்குப்பின் காளான் முளைப்பதுபோல முளைத்தன. முன்னே ஒரு பட்டறைக்காரனும் அவனிடம் வேலை செய்த நாலு பேரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பார்கள். இப்போது முதலாளி நியூயார்க்கில் இருப்பான். சுரங்கம் பென்சில்வேனியாவில் இருக்கும். கூலியைக் குறைக்க வேண்டுமானால் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினால் போதும். கேட்பார் கிடையாது. நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்கும் வேலையில் பாலகர்கள் உட்கார்ந்து விரல் தேய்ந்தார்கள்.

1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி, ஸ்கிராண்டனுக்கு வெகு தூரமில்லாத ஏவண்டேல் சுரங்கத்தில் நெருப்புப் பிடித்தது. அந்தச் சுரங்கத்துக்கு வழி ஒன்றே ஒன்று. செங்குத்தாக இறங்கும் அந்தக் குழியின் வாய்க்கு மேலேயே நிலக்கரி உடைக்கும் மரக் கட்டடத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டாவது வழி தோண்டப் பணம் செலவாகுமல்லவா? குழியில் பிடித்த நெருப்பு மேலே ஏறிக் கட்டடம் முழுவதையும் பற்றியது. எரிந்த மரங்களெல்லாம் இருந்த ஒரே வழியை அடைத்துக்கொண்டு விழுந்தன. உள்ளே இருந்தவர்கள் புகையிலும் விஷக் காற்றிலும் மூச்சடைத்து மாண்டார்கள். அவர்களைத் தேடி இறங்கிய இருவரும் மாண்டார்கள். ஆக மொத்தம் 110 பேர். ஆட்களும் சிறுவர்களும், தகப்பனும் மகனும், கட்டிப்பிடித்தபடியே கிடந்தார்கள்.

சில நாட்களுக்குள் பவுடர்லி அந்த இடத்துக்குப் போனார். அங்கே சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஜான் சைனி என்பவர், பிணங்கள் மேலே வந்துகொண்டிருந்த அந்த இடத்திலேயே நின்று, தொழிலாளிகள் ஒன்றுசேர வேண்டியதைப்பற்றிப் பேசினார். இருபது வயது வாலிபனுடைய மனதில் அந்தப் பேச்சு ஆணி அடித்தாற்போல இறங்கியது. தாம் தொழிலாளர் காரியத்தில் இறங்கியதற்கு அன்றைய தினமே ஆரம்பம் என்று பவுடர்லி பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த வருஷம், 1870-ல், ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரண்டு வழி இருக்க வேண்டுமென்று பென்சில்வேனியாவில் சட்டம் வந்தது. நூற்றுப்பத்து உயிர் போன பிறகு வந்தது.

1871-ல் இயந்திரத் தொழிலாளர், கொல்லர் சங்கத்தில் சேர்ந்தார். வெகு சீக்கிரம் அதில் தலைவருமானார். 1872-ல் ஹன்னா டெவர் என்ற பெண்ணை மணந்தார். 1873-ல் பாங்கிகள் முறிந்து தேசமெங்கும் வேலை நின்றது. பவுடர்லிக்கும் வேலை போயிற்று. ஆனால் மற்றவர்களைப்போல அல்ல. சங்கத் தலைவன் என்பதால் அவர் பெயர் முதலாளிகளின் கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தது. ஒரு பட்டறையில் நிறுத்தப்பட்டவனை அடுத்த பட்டறை வாசலிலும் சேர்க்கமாட்டார்கள். குளிர்காலத்தில் வேலை தேடி ஊர் ஊராய், கனடா வரையிலும் அலைந்தார். வீட்டில் இளம் மனைவி.

இந்தக் கறுப்புப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து வருவது விளங்கும்.

1869 டிசம்பரில் பிலடெல்பியா நகரத்தில் யூரையா ஸ்டீபன்ஸ் என்ற தையல்காரரும் அவருடைய தோழர் சிலரும் ஒரு சங்கத்தை ஏற்படுத்தியிருந்தார்கள். நைட்ஸ் ஆப் லேபர் என்று அதற்குப் பெயர். உழைப்பு வீரர் சபை என்று சொல்லலாம். எல்லாம் இரகசியம். சேருகிறவன் வேதபுத்தகத்தின்மேல் கைவைத்து, உள்ளே நடப்பதை யாருக்கும் சொல்வதில்லை என்று ஆணையிட வேண்டும். வெளியே சங்கத்தின் பெயரைச் சொல்லவும் கூடாது. எழுத நேர்ந்தால் ஐந்து நட்சத்திரக் குறி போடுவார்கள். முதலாளியின் ஒற்றன் கூட்டத்தில் நுழைந்துவிட்டால் மறுநாள் காலை எத்தனை பேருக்கு வேலை இருக்கும்? அந்தப் பயமே இந்த இரகசியத்துக்கு வேர். 1870-களின் நடுவில் பவுடர்லியும் இதில் சேர்ந்தார்.

இங்கேதான் சிக்கல். இரகசிய ஆணையிடும் சபைகளைப்பற்றித் திருச்சபை கண்டிப்பாயிருந்ததை நீங்கள் அறிவீர்கள். 1738-ல் பன்னிரண்டாம் கிளமென்ட் பாப்பரசர் பிரீமேசன் சபையை விலக்கினது தொடங்கி, பாப்பரசர்கள் ஒருவர்பின் ஒருவராய் எச்சரித்துவந்தார்கள். குருக்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதே பென்சில்வேனியா நிலக்கரி நாட்டில் மாலி மக்வயர் கூட்டத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டு, 1877 முதல் 1879 வரை அயர்லாந்துக் கத்தோலிக்கர் இருபது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வழக்குகளில் நீதி எவ்வளவு நடந்தது என்பதைச் சரித்திரக்காரர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்படியானாலும், இரகசியக் கூட்டம் என்று கேட்டாலே பங்குக் குருக்களுக்குத் திகில். பல கோவில்களில் பிரசங்க மேடையிலிருந்தே உழைப்பு வீரர் சபையைக் கண்டித்தார்கள். சங்கத்தை விடாவிட்டால் பாவப்பொறுத்தலும் இல்லை, நற்கருணையும் இல்லை என்று சில இடங்களில் சொல்லப்பட்டது. ஸ்கிராண்டன் மேற்றிராணியார் வில்லியம் ஓஹாரா ஆண்டகையும் இந்தச் சபையைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

ஒரு சுரங்கத் தொழிலாளியின் நிலைமையை நினைத்துப்பாருங்கள். சங்கத்தை விட்டால் பிள்ளைகளுக்குச் சோற்றுக்கு வழி போய்விடும் என்று அஞ்சுகிறான். சங்கத்தில் இருந்தால் பாஸ்குக் காலத்தில் நற்கருணை வாங்க முடியாதே என்று அஞ்சுகிறான். சபையிலே சேர்ந்திருந்தவர்களில் பெரும்பகுதியார் கத்தோலிக்கர். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று அவர்களை நெருக்கினால் பலர் எதைத் தெரிந்துகொள்வார்கள் என்பதை எண்ணிப் பார்த்த குருக்கள் அப்போது சிலரே.

பவுடர்லி தினந்தோறும் இந்த முறையீடுகளைக் கேட்டுக்கொண்டிருந்தவர். 1877-ல் பெரிய ரெயில் வேலைநிறுத்தத்தின்போது ஸ்கிராண்டனில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து தொழிலாளிகள் செத்தார்கள். அதன் சூடு ஆறுமுன்னே, 1878-ல், தொழிலாளர் கட்சியின் பேரால் நின்ற பவுடர்லியை அந்தப் பட்டணத்தார் நகரத் தலைவராகத் தெரிந்துகொண்டார்கள். வயது 29. பட்டறைவாசலில் துரத்தப்பட்டவர் நகரசபை நாற்காலியில் உட்கார்ந்தார்! 1884 வரை மூன்று தவணை அந்தப் பதவியில் இருந்தார். 1879-ல் ஸ்டீபன்ஸ் விலகவே, உழைப்பு வீரர் சபை முழுவதுக்கும் தலைவரானார். அந்தப் பொறுப்பைப் பதினான்கு வருஷம் சுமந்தார்.

தலைவரானதும் அவர் பிடிவாதமாய்ச் செய்த முதல் காரியம் இரகசியத்தைக் கழற்றினது. சபைக்குள் எதிர்ப்பு இல்லாமலில்லை. பழையவர்களுக்கு அந்தச் சடங்குகள்மேல் ஆசை. ஆயினும் 1881-ல் டெட்ராய்ட் நகரத்தில் கூடிய பொதுச்சபையில் தீர்மானம் நிறைவேறியது. 1882 ஜனவரி முதல் தேதியிலிருந்து சபையின் பெயர் பகிரங்கமாயிற்று. வேதபுத்தகத்தின்மேல் செய்த ஆணை போயிற்று. அதற்குப் பதில் மானத்தின்பேரில் கொடுக்கும் வாக்கு மாத்திரம் போதும் என்றாயிற்று. வேதபுத்தக வாசகங்கள் சடங்கிலிருந்து எடுக்கப்பட்டன. சங்கத்தில் இருக்கிற கத்தோலிக்கன் தன் குருவானவரிடத்தில் எதையும் மறைக்கவேண்டிய அவசியமில்லாமற்போயிற்று.

சபை எதைக் கேட்டது? எட்டு மணிநேர வேலை. பாலகரைச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் அனுப்பாமலிருத்தல். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தொழிலாளிகளே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுத் தொழில்கள். இன்ன தொழில் என்ற வித்தியாசமில்லாமல் கைவேலைக்காரர் எல்லாரும் சேரலாம். பாங்கிக்காரர், வக்கீல்கள், சாராயம் விற்பவர், சூதாடிகள், பங்குச் சந்தைக்காரர் ஆகியோருக்கு மாத்திரம் இடமில்லை. (வக்கீல்களைச் சூதாடிகளோடு சேர்த்து வைத்ததைப் பார்த்து எங்கள் பங்கு வக்கீல்கள் கோபிக்கவேண்டாம். பவுடர்லியே பிற்காலத்தில் வக்கீலானார்.) சாராயத்தைப் பவுடர்லி அடியோடு வெறுத்தார். வாழ்நாளெல்லாம் தொடவில்லை. சம்பளத்தன்று வீட்டுக்கு வராத பணத்தைப்பற்றி நம் குடும்பத்துத் தாய்மாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பெண்களையும் சேர்த்தார்கள். காலுறை ஆலையில் வேலைசெய்த லியோனோரா பேரி என்ற அயர்லாந்து விதவையை 1886-ல் பெண்கள் பகுதிக்குத் தலைவியாக்கினார்கள். கறுப்பு இனத்தாரையும் சேர்த்தார்கள். 1886 அக்டோபரில் ரிச்மண்ட் நகரத்தில் பொதுச்சபை கூடியது. அடிமை வியாபாரம் நடந்த தென்னாட்டுப் பட்டணம் அது. நியூயார்க்கிலிருந்து வந்த பிராங்க் பெரெல் என்ற கறுப்பு இனத்துப் பிரதிநிதிக்கு அங்கே விடுதியில் இடம் மறுத்தார்கள். உடன்வந்த வெள்ளைக்காரத் தோழர்கள் அந்த விடுதியை விட்டு வெளியேறி, கறுப்பு இனத்தார் வீடுகளில் தங்கினார்கள். சபையிலே பவுடர்லியை அறிமுகப்படுத்திப் பேசினவர் அந்தப் பெரெல்தான். தென்னாட்டுப் பத்திரிகைகள் கொதித்தன.

ஆனால் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. எல்லாரையும் சேர்த்த அந்தச் சபை சீனரைச் சேர்க்கவில்லை. சீனத் தொழிலாளரைத் தேசத்துக்குள் விடாத 1882-ஆம் வருஷத்துச் சட்டத்தை அது ஆதரித்தது. 1885 செப்டம்பரில் வயோமிங் நாட்டின் ராக் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளிகள் சீனர் குடியிருப்பைக் கொளுத்தி 28 பேரைக் கொன்றார்கள். அப்போதுங்கூடப் பவுடர்லி சீனர் குடியேற்றத்தின்மேல்தான் குறை சொன்னார். பட்டினியை அறிந்தவர், அலைந்து வேலை தேடினவர், கூலிக்காகக் கடல்கடந்து வந்த இன்னொரு ஏழையிடத்தில் தம்மைக் காணவில்லை. இதற்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை.

1885-ல் ஜே கூல்ட் என்ற பெரிய ரெயில் முதலாளியின் பாதைகளில் வேலைநிறுத்தம் நடந்து, முதலாளி இறங்கிவந்தார். அவ்வளவுதான், தேசமெங்கும் தொழிலாளிகள் சபைக்குள் பாய்ந்து வந்தார்கள். 1879-ல் பத்தாயிரம் பேரளவில் இருந்த சபை, 1885-ல் ஒரு லட்சத்தையும், 1886-ல் ஏழு லட்சத்தையும் எட்டியது. நேற்றுச் சேர்ந்தவன் இன்று வேலைநிறுத்தம் செய்து நாளை வெற்றி கிடைக்கும் என்று எதிர்பார்த்தான். பவுடர்லியோ வேலைநிறுத்தத்தை விரும்பாதவர். அது பிள்ளைகளைப் பட்டினி போட்டு நடத்தும் யுத்தம் என்பது அவர் எண்ணம். கூட்டுறவே வழி என்று நம்பினார். இந்தியானா நாட்டின் கேனல்பர்க்கில் சபையே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை வாங்கியது. ரெயில் கம்பெனி கிளைப்பாதை கொடுக்காமல் இழுத்தடிக்க, நிலக்கரி குவியலாய்க் கிடந்தது, முயற்சி முறிந்தது. 1886 வசந்த காலத்தில் கூல்டின் தென்மேற்குப் பாதைகளில் மறுபடி வேலைநிறுத்தம் வெடித்துத் தோற்றது. மே மாதம் 4-ஆம் தேதி சிக்காகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்துப் போலீஸ்காரரும் தொழிலாளரும் செத்தார்கள். சபைக்கு அதில் சம்பந்தமில்லை. ஆனாலும் பழி எல்லாத் தொழிலாளர்மேலும் விழுந்தது.

சபையைத் திருச்சபை அடியோடு விலக்கவேண்டுமென்று கேட்டவர்களுக்கு இதைவிட வாய்ப்பான சமயம் வேண்டுமா? கனடாவில் கெபெக் அதிமேற்றிராணியார் தாஷ்ரோ ஆண்டகை 1884-லேயே உரோமாபுரியிலிருந்து சபைக்கு விரோதமான தீர்ப்பைப் பெற்றிருந்தார். அது அமெரிக்காவுக்கும் செல்லுமா என்பதே கேள்வி.

இந்த இடத்தில் பால்ட்டிமோர் அதிமேற்றிராணியார் ஜேம்ஸ் கிப்பன்ஸ் ஆண்டகை வருகிறார். அயர்லாந்துக் குடும்பத்தவர், வாலிபத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவர். 1886 அக்டோபரில் பவுடர்லியைத் தம்மிடத்துக்கு வரவழைத்து நேரில் விசாரித்தார். பவுடர்லி சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். திருச்சபைக்கு விரோதமாயுள்ள எதையும் திருத்தச் சம்மதம் என்றும் தெரிவித்தார். அதிமேற்றிராணிமார்கள் கூடி ஆலோசித்தபோது, விலக்கவேண்டும் என்றவர்கள் இருவர் மாத்திரமே. ஏகமனதாயில்லாததால் காரியம் உரோமாபுரிக்குப் போயிற்று.

1887-ன் ஆரம்பத்தில் கிப்பன்ஸ் ஆண்டகை கர்தினால் தொப்பி பெற உரோமாபுரிக்குப் போனார். (அதே 1886-ல் அவரோடுகூடக் கர்தினாலாக்கப்பட்டவர்களில் தாஷ்ரோ ஆண்டகையும் ஒருவர்! திருச்சபையின் மடி அவ்வளவு விசாலம்.) போனவர் சும்மா இருக்கவில்லை. பிப்ரவரி 20-ஆம் தேதியிட்ட நீண்ட விண்ணப்பம் ஒன்றைப் பரிசுத்த சிம்மாசனத்தாரிடம் சமர்ப்பித்தார். எழுத உதவினவர்கள் அயர்லாந்து, கீன் என்ற இரு மேற்றிராணிமார். இந்தச் சபையில் இரகசிய ஆணையில்லை, தொழிலாளரின் முறைப்பாடு உண்மையானது, அவர்கள் ஒன்றுகூடுவது நியாயம், சிலர் செய்த கலகத்துக்காக எல்லாரையும் தண்டிக்கலாகாது என்று விளக்கினார். இப்போது விலக்கினால் திருச்சபை பணக்காரர் பக்கம் நிற்கிறதென்று ஏழைகள் எண்ணிவிடுவார்கள். ஜனங்களின் இருதயத்தை இழப்பது பெரிய நஷ்டம் என்றார். கூடவே ஒரு சாமர்த்தியமான வாதமும் வைத்தார்: இப்படிப்பட்ட சபைகள் நீடித்து நிற்பவையல்ல, தாமே மறைந்துபோகும்; மறையப்போவதை விலக்கி ஏன் மனஸ்தாபத்தைச் சம்பாதிக்கவேண்டும்?

அந்த விண்ணப்பம் எப்படியோ வெளியேறி, மார்ச்சு முதல் வாரத்தில் நியூயார்க் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. கர்தினாலுக்கு மிகுந்த சங்கடம். ஆனால் இங்கிலாந்தில் கர்தினால் மானிங் உட்படப் பலர் அதை வரவேற்றார்கள். 1888 ஆகஸ்டில் உரோமாபுரியின் முடிவு வந்தது. சட்டத்தில் சில வார்த்தைகளைத் திருத்தினால் சபையைச் சகித்துக்கொள்ளலாம். பவுடர்லி திருத்தச் சம்மதித்தார். மூன்று வருஷத்துக்குள், 1891 மே 15-ஆம் தேதி, பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளரைப்பற்றிய பேர்பெற்ற நிருபத்தை வெளியிட்டு, தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையை உலகறியச் சொன்னார்.

கர்தினால் சொன்ன தீர்க்கதரிசனமோ பலித்தது. 1886 டிசம்பரில் தேர்ந்த தொழில்வேலைக்காரர் சாமுவேல் காம்பர்ஸ் என்பவர் தலைமையில் வேறொரு சம்மேளனம் கண்டு பிரிந்துகொண்டார்கள். 1890-ல் உழைப்பு வீரர் சபையில் மிஞ்சினது ஒரு லட்சம் பேரளவே. உட்சண்டை பெருகி, 1893-ல் பவுடர்லியை வெளியேற்றினார்கள். அவர் குணமும் அதற்குக் காரணமே. எதையும் தாமே செய்யவேண்டும் என்பார். குவியும் கடிதங்களுக்குத் தாமே பதில் எழுதிச் சோர்வார். விமரிசனம் ஒன்று வந்தால் வருஷக்கணக்கில் மறக்கமாட்டார்.

1894-ல் வக்கீலானார். 1897-ல் மக்கின்லி ஜனாதிபதி அவரைக் குடியேற்ற இலாகாவின் தலைமைக் கமிஷனராக நியமித்தார். 1902-ல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி நீக்கினார். பிற்பாடு 1907-ல் அதே ரூஸ்வெல்ட் வேறொரு உத்தியோகம் கொடுத்தார். கடைசிவரை வாஷிங்டனில் சர்க்கார் வேலையிலேயே இருந்தார்.

1901-ல் பவுடர்லி பிரீமேசன் சபையில் சேர்ந்தார். எந்த இரகசியச் சபைகளின் சாயல் தம் தோழர்மேல் விழக்கூடாதென்று இருபது வருஷத்துக்கு முன்னே பாடுபட்டாரோ, அவற்றில் முதன்மையானதற்குள்ளேயே போனார். திருச்சபையோடு அவருக்கிருந்த உறவு அற்றது. அவர் எழுதிவைத்த சுயசரிதை, அவர் இறந்து வெகுகாலத்துக்குப்பின் 1940-ல் அச்சானது. அதில் குருக்களையும் மேற்றிராணிமாரையும்பற்றி அவர் மனதில் தங்கியிருந்த கசப்பு பக்கம் பக்கமாய் இருக்கிறது. பிரசங்க மேடைகளிலிருந்து விழுந்த வார்த்தைகளை அவர் மறக்கவில்லை. கர்தினால் அவருடைய தோழர்களுக்காக வாதாடி ஜெயித்தார். ஆனால் அதற்குமுன் பட்ட காயம் ஆறவில்லை. குற்றம் அவருடையதா, நம்முடையவர்களுடையதா? இரு பக்கமும் உண்டு என்றே நான் எண்ணுகிறேன். நம்முடைய பக்கத்துக் குற்றத்தை வாசிக்கும்போது, குருவாகிய எனக்கு அந்தப் பக்கங்களைத் திருப்புவது எளிதாயில்லை.

1924-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி, ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று, வாஷிங்டனில் இறந்தார். வயது 75.

அவர் ஒரு தாளையும் எறியாதவர். தாம் எழுதினது, தமக்கு வந்தது, சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைப் பெண்களும் எழுத்துப் பிழையோடு எழுதியனுப்பினது, குருக்கள் கோபமாய் எழுதினது, எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். அந்தக் கடிதக் குவியல் இப்போது வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்க சர்வகலாசாலையில், கர்தினால் கிப்பன்ஸ் முதல் அதிபராயிருந்த அந்த வித்தியாசாலையில், பத்திரமாய் வைக்கப்பட்டிருக்கிறது.